விரிசலா, கறுப்புப் பூச்சா?

ஒன்ராறியோவில் இலையுதிர் காலம் பிறந்ததும் வீட்டுக்காரர்கள் தார் போட்ட டிரைவ்வேக்கு இரண்டு வேலைகள் பார்ப்பார்கள். ஒன்று, விரிசல்களை அடைப்பது. மற்றது, தளம் முழுவதற்கும் கறுப்புச் சீலர் பூசுவது. ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் உள்ள தமிழர் வீடுகளிலும் இதே வழக்கம்தான். பணமோ நேரமோ ஒன்றுக்குத்தான் போதும் என்றால் பலரும் பூச்சைத்தான் தேர்கிறார்கள். பூசிய அன்றே தளம் பளபளக்கிறது, தெருவில் போகிறவர் கண்ணுக்கும் படுகிறது. ஆனால் பனிக்காலச் சேதத்தைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், முதலில் செய்யவேண்டியது விரிசலை அடைப்பதே என்பது என் உறுதியான கருத்து.

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. விரிசலில் இறங்கிய நீர் உறைந்து இரு கரைகளையும் நெட்டித் தள்ளும். உருகியதும், அகன்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் நீர் இறங்கும். மறுபடியும் உறையும். குளிர் எவ்வளவு கடுமை என்பதைவிட, வெப்பநிலை பூச்சியத்தை எத்தனை முறை கடக்கிறது என்பதே இங்கே முக்கியம். வின்னிபெக்கில் ஜனவரியில் வாரக்கணக்காக எல்லாம் உறைந்தே கிடக்கும். ரொறன்ரோவிலோ பகலில் 3 டிகிரி, இரவில் மைனஸ் 5 என்று ஒரே வாரத்தில் பலமுறை ஏறி இறங்கும். குளிர் மிதம் என்று நாம் ஆறுதல்படும் ஊரில்தான் இந்தச் சேதம் அடிக்கடி நேர்கிறது. வின்னிபெக்குக்கு வேறொரு தொல்லை உண்டு: கடுங்குளிரில் தார் விறைத்துச் சுருங்கி, தளம் தானாகவே குறுக்கே வெடிக்கும்.

நீர் விரிசலோடு நிற்பதில்லை. இரண்டு மூன்று அங்குலத் தாருக்குக் கீழே, இடித்துக் கெட்டிப்படுத்திய சரளை இருக்கிறது. அங்கே சேர்ந்த ஈரம் உறைந்தால் தளம் மேலெழும்பும். மார்ச்சில் மண் மேலிருந்து இளகத் தொடங்கும்போது ஆழத்தில் பனி இன்னும் இறுகியே இருக்கும். வடிய வழியில்லாமல் தங்கிய நீரில் சரளை ஊறிப் பலமிழக்கிறது. அந்த நாட்களில் கார் ஏறி இறங்கும்போதுதான் தளம் அமுங்கிக் குழி விழுகிறது. குழி வசந்தத்தில் கண்ணில் பட்டாலும், அதற்கான நீர் முந்தைய இலையுதிர் காலத்திலேயே இறங்கத் தொடங்கியிருக்கும்.

சீலரின் வேலையே வேறு. கல்லையும் மணலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பிற்றுமின், கலவையின் எடையில் சுமார் 5 விழுக்காடுதான். வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதை வறளச் செய்து நொறுங்க வைக்கின்றன. சிந்தும் பெற்றோலும் என்ஜின் எண்ணெயும் அதைக் கரைக்கின்றன. இவற்றிலிருந்து சீலர் ஓரளவு காக்கிறது, மயிரிழை வெடிப்புகளையும் மூடிவிடுகிறது. ஆனால் அது மெல்லிய படலம். அகன்ற விரிசலின் மேல் பூசினால் கறுப்பாக மறைக்கும், அவ்வளவே. முதல் கடுங்குளிரில் தளம் சுருங்கி விரிசல் வாய் திறக்கும்போது படலமும் கிழிந்துவிடும். தளம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்காரர் நம்பியிருக்கும் மாதங்களில்தான் நீர் இறங்குகிறது. இதனால்தான் அடைக்காமல் பூசுவதை நான் வீண்செலவாக மட்டுமல்ல, கேடாகவும் பார்க்கிறேன்.

பூச்சாக எதைப் பூசுகிறோம் என்பதும் கவலைக்குரியது. நிலக்கரித் தாரில் செய்த சீலரில் புற்றுநோய் உண்டாக்கவல்ல சேர்மங்கள் மிகுதி. அது தேய்ந்து தூசியாகி மழைநீரோடு ஓடைகளுக்குப் போகிறது. டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம் இதை ஆராய்ந்து 2006 முதல் தடை செய்தது. வாஷிங்டன் மாநிலம் 2011-இல் தடைச் சட்டம் இயற்றியது. பிற்றுமின் குழம்பில் செய்த சீலர் கடைகளில் கிடைக்கிறது. வாளியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டு வாங்குங்கள்.

விரிசலை அடைப்பது பொறுமையான வேலை. அடைபொருளைவிடச் சுத்தம் முக்கியம். புல்லைப் பிடுங்கி, கம்பித் தூரிகையால் தேய்த்து, ஊதித் தூசியை வெளியேற்றி, உள்ளே ஈரம் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். தூசியின் மேல் ஊற்றிய எதுவும் ஒட்டாது. குறுகிய விரிசலுக்குப் போத்தலில் வரும் குளிர் அடைபொருள் போதும். அகன்றதற்கு ரப்பர் கலந்த அடைபொருளைச் சூடாக்கி ஊற்றுவதே நிலைக்கும், ஏனெனில் குளிரில் விரிசல் அகலும்போது அதுவும் நீண்டு கொடுக்கும். ஆழம் அதிகமென்றால் முதலில் நுரைக்கயிற்றைத் திணித்துவிட்டு ஊற்ற வேண்டும். இலையுதிர் காலம் இதற்கு ஏற்றது. கோடையில் விரிசல் இறுகிக் கிடக்கும், நடுக்குளிரில் முழுதாகத் திறந்திருக்கும். இடைப்பட்ட அகலத்தில் நிரப்பினால் இரண்டு பக்க அசைவையும் அது தாங்கும்.

நாட்காட்டியும் அடைப்பின் பக்கமே. சீலர் உலர இரவிலும் 10 டிகிரி அளவு சூடும், ஒரு நாளாவது மழையில்லாத வானமும் வேண்டும். ஒக்டோபர் பாதியில் அது அரிதாகிவிடும். அடைப்புக்கு அதற்குப் பிறகும் சில காய்ந்த பகல்கள் வாய்க்கும். பூச்சை அடுத்த ஜூனுக்குத் தள்ளினால் பெரிதாக ஒன்றும் கெடாது. புதிதாகத் தார் போட்டவர்கள் எப்படியும் சில மாதம் பொறுத்துத்தான் பூச வேண்டும்.

உப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: உப்பு தாரைத் தின்பதில்லை. ஆனால் அது உருக்கிய நீர் விரிசலுக்குள் போய், நீர்த்ததும் மறுபடி உறைகிறது. பனியைத் தள்ளி முடித்த பிறகு குறைவாகத் தூவினால் போதும். கூரைநீர்க் குழாயின் வாய் டிரைவ்வே பக்கம் திரும்பியிருந்தால், உப்பைவிட அதை வேறு பக்கம் திருப்புவதுதான் அவசரம்.

இரண்டு வைத்தியமும் பலிக்காத இடம் ஒன்று உண்டு. முதலைத் தோல்போல் கட்டங்கட்டமாக விரிசல் ஓடியிருந்தால் கீழே சரளை போய்விட்டது என்று பொருள். அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, சரளையைப் புதுப்பித்து, புதிதாகத் தார் போட வேண்டும். சுடுதார்க் கலவை தயாரிக்கும் ஆலைகள் குளிர்காலத்துக்கு மூடிவிடுவதால், அந்த வேலைக்கு நவம்பருக்கு முன்பே ஆளைப் பிடித்துவிடுங்கள்.