37 ஆட்டம், 3 கோல்: பைச்சுங் பூட்டியா இங்கிலாந்தில் ஆடிய கதை



பதிவு கொஞ்சம் நீளம். மைதானத்துக்கு ஓடுகிற பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கிற வாப்பாமாரும் உம்மாமாரும் பொறுமையாகக் கடைசி வரை வாசிக்க வேண்டுகிறேன்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் அஸருக்குப் பிறகு பந்து உருளாத மைதானம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பி இங்கிலாந்து பிரீமியர் லீக் பார்க்கிற பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள். மான்செஸ்டர், லிவர்பூல், ஆர்சனல் வீரர்களின் பெயர்கள் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் நம் பிராந்தியத்திலிருந்து ஒருவர் இங்கிலாந்துக்குப் போய், அதே மான்செஸ்டருக்குப் பக்கத்தில் மூன்று வருடம் தொழில்முறையாக ஆடினார் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர் ஆடியது பெரிய கழகத்தில் இல்லை. தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டாத கீழ்நிலை லீக்கில்தான்.

அவர் பெயர் பைச்சுங் பூட்டியா.

இமயமலை அடிவாரத்துச் சிக்கிம், 1975 இல்தான் இந்தியாவின் ஒரு மாநிலமானது. அதற்கு அடுத்த வருடம், 1976 டிசம்பர் 15 ஆம் திகதி, தெற்குச் சிக்கிமில் திங்கிடாம் என்ற கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பூட்டியா பிறந்தார். மகன் விளையாட்டு, விளையாட்டு என்று திரிவதில் பெற்றோருக்கு அவ்வளவு விருப்பம் இருக்கவில்லை. தகப்பன் மரணித்த பிறகு பையனைத் தட்டிக்கொடுத்தவர் கர்மா பூட்டியா என்ற உறவினர். ஒன்பதாவது வயதில் இந்திய விளையாட்டு அதிகார சபையின் புலமைப்பரிசில் கிடைத்தது. அந்தப் புலமைப்பரிசிலோடு கங்டொக் நகரத்தில் தாஷி நம்கியால் பாடசாலையில் சேர்ந்தார். படிப்பு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் ஓரிடத்தில்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தப் பிள்ளை பாடசாலையை விட்டுவிட்டு மைதானத்துக்குப் போகவில்லை. பாடசாலைக்குள்ளேயே மைதானம் கிடைத்தது.

1992 இல் பாடசாலைகளுக்கான சுப்ரதோ கிண்ணப் போட்டியில் சிறந்த வீரராகத் தெரிவானார். அடுத்த வருடம், 16 வயதில், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் அவரை எடுத்துக்கொண்டது. 1995 இல் பஞ்சாபின் பக்வாரா நகரிலிருந்த ஜே.சி.டி. மில்ஸ் அணிக்குப் போனார். அது ஒரு துணி ஆலையின் அணி. இந்தியாவின் முதலாவது தேசிய லீக்கை (1996-97) வென்றது அந்த அணிதான். 1995 இலேயே நேரு கிண்ணப் போட்டியில் இந்திய அணிக்கு அறிமுகமாகி உஸ்பெகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார்.

1997 இல் மீண்டும் ஈஸ்ட் பெங்கால். அந்த வருடம் ஜூலை 13, கல்கத்தா சோல்ட் லேக் மைதானம், பெடரேஷன் கிண்ண அரையிறுதி, எதிரணி மோகன் பகான். பார்வையாளர் தொகை ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது, அதில் மூன்று கோல் பூட்டியாவுடையது. 20 வயதுப் பையன் அந்த ஒரே நாளில் நாடு முழுக்கத் தெரிந்த ஆளாகிவிட்டான்.

இத்தனை புகழும் உள்ளூரில் இருக்கும்போது வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. புல்ஹாம், வெஸ்ட் ப்ரோம்விச், அஸ்டன் வில்லா ஆகிய கழகங்களில் தேர்வுக்குப் போனார். மூன்றும் கைகூடவில்லை. கடைசியில் 1999 செப்டெம்பர் 30 ஆம் திகதி பெரி என்ற கழகத்தோடு மூன்று வருட ஒப்பந்தம் செய்தார். ஐரோப்பியக் கழகம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்த முதல் இந்தியர் அவர்தான்.

இப்போது அந்தக் கழகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பிரீமியர் லீக்குக்குக் கீழே இன்னும் மூன்று தொழில்முறை லீக்குகள் உண்டு. மேலே 20 அணிகள், கீழே ஒவ்வொன்றிலும் 24 அணிகளாக 72, மொத்தம் 92. 1999 இல் பெரி ஆடியது "இரண்டாம் டிவிஷன்" என்று சொல்லப்பட்ட லீக். பெயர்தான் இரண்டாம். மேலேயிருந்து எண்ணினால் அது மூன்றாவது படி. நம் பிள்ளைகள் திரையில் பார்க்கிற இங்கிலாந்து முதல் படி மட்டும்தான்.

பெரி, மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் ஒரு பழைய பருத்தி ஆலை நகரம். 1733 இல் நெசவு வேலையையே மாற்றிய பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்த ஜோன் கே அந்த ஊர்ப் பக்கத்துக்காரர். லங்காஷயர் ஆலைத் துணி ஒரு காலம் நம் கடைத்தெருக்கள் வரை வந்தது. கழகம் தொடங்கியது 1885 இல். 1900 இலும் 1903 இலும் எப்.ஏ. கிண்ணத்தை வென்றது. 1903 இறுதிப் போட்டியில் டெர்பி கவுண்டியை 6-0 என்று தோற்கடித்ததை 2019 இல் மான்செஸ்டர் சிட்டி சமப்படுத்தும் வரை எவராலும் எட்ட முடியவில்லை. துணி ஆலை அணியில் லீக் வென்ற சிக்கிம் பையன், துணியால் வளர்ந்த ஊரின் கழகத்துக்கே போய்ச் சேர்ந்தான்.

வீசாச் சிக்கல்களால் பயணம் தாமதமானது. 1999 ஒக்டோபர் 3, கார்டிவ் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கினார். அணியின் இரண்டாவது கோல் அவருடைய முயற்சியிலிருந்துதான் பிறந்தது. ஆனால் அவருடைய பெயரில் முதல் லீக் கோல் விழ 2000 ஏப்ரல் 15 வரை, செஸ்டர்பீல்டுக்கு எதிரான ஆட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கும் மேல்! கல்கத்தாவில் ஒரு இலட்சம் பேர் பெயர் சொல்லிக் கத்திய முன்கள வீரருக்கு அந்த ஆறு மாதம் எப்படி இருந்திருக்கும்? குளிர், மழை, சேறு, உடம்போடு உடம்பு மோதுகிற ஆட்டம், பல நாட்கள் வாங்கில் உட்கார்ந்து காத்திருத்தல். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வரவில்லை.

பிறகு முழங்கால் காயம் வந்தது. கழகத்துக்கும் கஷ்ட காலம். 2002 இல் கீழ்நிலைக் கழகங்களுக்குப் பணம் தரவிருந்த தொலைக்காட்சி நிறுவனம் முறிந்தது. அதே வருடம் பெரி கழகமும் கடனில் மூழ்கி நிர்வாகிகளின் கைக்குப் போனது, அணியும் ஒரு படி கீழே இறங்கியது. பூட்டியா கல்கத்தாவுக்குத் திரும்பினார்.

மூன்று வருடக் கணக்கு: 37 லீக் ஆட்டம், 3 கோல்.

இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "போய்த் தோற்று வந்தார்" என்று சொல்வோர் உண்டு. வரலாற்றை ஓர் எண்ணில் வாசிப்பது ஒரு பிள்ளையைக் கணிதப் புள்ளியில் மட்டும் அளப்பதைப் போன்றது. 37 என்ற எண்ணுக்குள் சில நிமிடங்கள் மட்டும் ஆடிய ஆட்டங்களும் இருக்கின்றன. காயத்தில் கழிந்த மாதங்கள் அதில் இல்லை. திரும்பி வந்த பிறகு நடந்தவை எதுவும் அதில் இல்லை.

திரும்பி வந்த பிறகு என்ன நடந்தது? 2003 இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகக் கிண்ணத்தை ஈஸ்ட் பெங்கால் வென்றது. 9 கோல்களோடு தொடரில் அதிக கோல் போட்டவர் பூட்டியா. 2008 இல் ஏ.எப்.சி. சவால் கிண்ணத்தை இந்தியா வென்றபோது தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். இங்கிலாந்தில் வீரர்களுக்கான தொழிற்சங்கம் 1907 இல் மான்செஸ்டர் நகரில் உருவானது. இந்தியாவில் அப்படியொரு சங்கம் 2006 இல் உருவானபோது முதல் தலைவராக இருந்தவர் பூட்டியா. சம்பளம், காயம், ஒப்பந்தம் என்று வீரனின் பிழைப்பைப் பற்றிப் பேச ஓர் அமைப்பு வேண்டும் என்பது, கடனில் மூழ்கிய ஒரு கழகத்தில் இருந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் இல்லை. 2012 ஜனவரியில் டில்லியில் அவருடைய பிரியாவிடை ஆட்டத்துக்கு எதிரணியாக வந்தது ஜேர்மனியின் பேயர்ன் மியூனிக்.

அவருக்கு முன்னால் போனவர் ஒருவரையும் நாம் மறக்கக் கூடாது. கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து தடவை கல்கத்தா லீக்கை வென்றது. அந்தக் கழகத்தின் முகம்மது சலீம் 1936 இல் ஸ்கொட்லாந்தின் செல்டிக் கழகத்துக்குப் போனார். பூட்ஸ் போடாமல், பாதங்களில் துணிக் கட்டு மட்டும் கட்டிக்கொண்டு, அதன் இரண்டாம் நிலை அணிக்காக இரண்டு ஆட்டம் ஆடினார். இரண்டிலும் அணி பெரிய வெற்றி. ஊர் நினைவு தாங்காமல் அவர் திரும்பி வந்துவிட்டார். சலீமுக்கும் பூட்டியாவுக்கும் இடையில் அறுபதுக்கு மேற்பட்ட வருடங்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் ஒருவர் நம் மொழிக்காரர். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸ் நாட்டில் பிறந்த விமல் யோகநாதன், லிவர்பூல் கழகத்தின் சிறுவர் அணிகளில் வளர்ந்து, 2024 ஆகஸ்டில் பார்ன்ஸ்லி அணிக்காக இறங்கினார். அதுவும் மூன்றாவது படிக் கழகம்தான்.

இனி நம் கதைக்கு வருவோம். பூட்டியா இந்திய அணிக்கு அறிமுகமான அதே 1995 இல், கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை இந்தியாவை 1-0 என்று வென்றது. அன்று நாம் சம்பியன். 2023 ஜனவரியில் பீபா நம் நாட்டை இடைநிறுத்தியது. ஏழு மாதத்துக்கு மேல் சர்வதேச ஆட்டமே இல்லாமல் இருந்தோம். அந்த மாதங்களில் வயது கடந்துபோன பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? திறமை நம்மிடம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வயதில் ஒரு புலமைப்பரிசில், தங்கிப் படிக்க ஒரு பாடசாலை, தட்டிக்கொடுக்க ஒரு மாமா. இந்த மூன்றும் பூட்டியாவுக்குக் கிடைத்தன. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதில் ஒன்றாவது கிடைக்கிறது?

"பந்து சோறு போடுமா?" என்று கேட்கிற பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். கடலுக்குப் போகிற, வயலுக்குப் போகிற, கட்டார் போய் உழைக்கிற வாப்பாவின் பயம் நியாயமானது. சாதாரண தரப் பரீட்சையைக் கைவிட்டுப் பந்தின் பின்னால் ஓடுகிற பிள்ளைக்கும் சொல்ல வேண்டும்: தம்பி, உன் கதாநாயகன்கூட பாடசாலை வழியாகத்தான் போனான். "வெளிநாட்டுக் கழகத்தில் சேர்த்துவிடுகிறேன், காசைக் கட்டு" என்று யாராவது வந்தால், மூன்று தேர்வில் தோற்று நான்காவது இடத்தில் மூன்றாம் படியில் இடம் பிடித்த இந்த மனிதரின் கதையை ஞாபகப்படுத்துங்கள். உண்மையான பாதை அவ்வளவு மெதுவானது.

பெரி கழகத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1894 முதல் லீக்கில் இருந்த அந்தக் கழகம், பணப் பிரச்சினையைத் தீர்க்க முடியாமல் 2019 ஆகஸ்ட் 27 ஆம் திகதி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. கிக் லேன் மைதானம் பூட்டப்பட்டது. ஆனால் ஊர்ச் சனம் விடவில்லை. ரசிகர்கள் சேர்ந்து புதிதாக ஓர் அணியைத் தொடங்கினார்கள், பிரிந்து நின்ற இரு தரப்பும் 2023 இல் ஒன்றாகின, பெரி என்ற பெயரோடு அதே கிக் லேனுக்கு ஆட்டம் திரும்பியது. மிகவும் கீழேயுள்ள லீக்கில்தான், ஆனாலும் மாலையில் சனம் போகிறது.

நம் ஊர்களில் ஒவ்வொரு தேர்தல் காலத்திலும் மைதானத்துக்கு வாக்குறுதி வருகிறது. கழகம் இரண்டாக உடைவதும் நமக்குப் புதிதில்லை. இந்தப் பெருநாள் சுற்றுப்போட்டிக்கு முன்னால் நம் கழக நிர்வாகிகள் ஒரு தடவை ஒன்றாக உட்கார்ந்து, பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் ஒழுங்கான பயிற்சி, பரீட்சைக் காலத்தில் விடுமுறை என்று ஓர் ஏற்பாட்டைச் செய்தால் போதும். பெரிய செலவு இல்லை. இன்ஷா அல்லாஹ், பாடசாலைப் பக்கத்து வேலையை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

உங்கள் ஊரிலிருந்து தேசிய மட்டத்துக்குப் போன பழைய வீரர்களைத் தெரிந்தால் கீழே எழுதுங்கள். அவர்களுடைய கதையையும் நம் பிள்ளைகள் படிக்கட்டும்.