மடக்குத் திறன்பேசி

மடக்குத் திறன்பேசி என்பது நெகிழும் திரையைக் கொண்ட, இரண்டாகவோ மூன்றாகவோ மடித்து வைக்கத்தக்க திறன்பேசி வகை ஆகும். பழைய மடக்குச் செல்பேசிகளில் கீலின் ஒருபுறம் திரையும் மறுபுறம் விசைகளும் இருந்தன, திரை மடியவில்லை. மடக்குத் திறன்பேசியில் திரையே மடிகிறது. இதன் பொறியியல் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன. மடிவதற்குத் திரை மெல்லியதாகவும் மென்மையாகவும் இருத்தல் வேண்டும். கீறலையும் அழுத்தத்தையும் தாங்குவதற்கோ அது தடித்ததாகவும் கடினமாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேர முழுமையாகப் பெற இயலாது.

வரலாறு

விற்பனைக்கு வந்த முதல் மடக்குத் திறன்பேசி, சீனாவின் ரோயோல் நிறுவனம் 2018 அக்டோபரில் அறிவித்த பிளெக்சுபை ஆகும். 2019 பெப்ரவரியில் சாம்சங் நிறுவனம் கேலக்சி ஃபோல்டையும், உவாவே நிறுவனம் மேட் எக்சையும் அறிமுகப்படுத்தின. முன்னது திரையை உட்புறமாக மடிப்பது. பின்னது வெளிப்புறமாக மடிப்பது. உட்புறமாக மடித்தால் திரை பாதுகாப்பாக இருக்கும், ஆனால் வளைவின் ஆரம் மிகச் சிறியதாகிவிடும். வெளிப்புறமாக மடித்தால் ஆரம் பெரிதாக இருக்கும், ஆனால் திரை எந்நேரமும் உராய்வுக்கு ஆளாகும். 2024 செப்டம்பரில் உவாவே, மூன்றாக மடியும் மேட் எக்சுடியை வெளியிட்டது.

திரையின் அடுக்குகள்

நீர்மப் படிகத் திரைகளுக்குப் பின்னொளி தேவை. ஓஎல்ஈடி திரையில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்வதால் பின்னொளி தேவையில்லை. எனவே திரையை மிக மெல்லியதாக அமைக்க முடிகிறது. கண்ணாடிக்கு மாற்றாகப் பாலியிமைடு என்னும் வெப்பம் தாங்கும் நெகிழி இதன் அடித்தளமாகப் பயன்படுகிறது.

ஒளிரும் கரிமப் பொருட்கள் ஈரப்பதத்தாலும் ஆக்சிசனாலும் விரைவில் கெடுபவை. வழக்கமான திரையில் கண்ணாடி அவற்றைத் தடுக்கிறது. நெகிழும் திரையில் கனிமப் படலங்களையும் கரிமப் படலங்களையும் மாற்றி மாற்றி அடுக்கிய மெல்லிய உறை அப்பணியைச் செய்கிறது. இவ்வுறையில் நுண்ணிய விரிசல் ஏற்பட்டாலும் அவ்விடத்தில் கரும்புள்ளிகள் தோன்றும்.

தடிமனும் திரிபும்

ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் அமுக்கப்படுகிறது. இரண்டிற்கும் இடையே இழுவிசையோ அமுக்கவிசையோ இல்லாத ஒரு தளம் உண்டு. இது நடுநிலைத் தளம் எனப்படும். மேற்பரப்பில் ஏற்படும் திரிபானது தோராயமாகத் தகட்டின் தடிமனை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, வளைவு ஆரம் 1.5 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். 0.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடியில் ஏறத்தாழ 17 விழுக்காடு திரிபு ஏற்படும். எந்தக் கண்ணாடியும் இதைத் தாங்காது. தடிமனை 30 மைக்ரோமீட்டராகக் குறைத்தால் திரிபு 1 விழுக்காடாகக் குறையும். வலுவூட்டப்பட்ட மெல்லிய கண்ணாடி இதைத் தாங்கும்.

திரையின் அடுக்குகள் அனைத்தும் இறுக்கமாக ஒட்டப்பட்டால் அவை ஒரே தடித்த தகடு போலச் செயற்படும். ஆகவே அடுக்குகளுக்கு இடையே மென்மையான ஒளிபுகு பசை இடப்படுகிறது. நோட்டுப் புத்தகத்தை வளைக்கும்போது தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவது போல, அடுக்குகள் சற்றே நழுவ இப்பசை இடமளிக்கிறது. இதனால் ஒவ்வோர் அடுக்கும் தனக்கென ஒரு நடுநிலைத் தளத்தைப் பெறுகிறது.

மேலுறை

முதல் தலைமுறைக் கருவிகளின் மேலுறை நெகிழியால் ஆனது. 2020 பெப்ரவரியில் வெளிவந்த கேலக்சி சீ ஃபிளிப், ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கண்ணாடியைப் பயன்படுத்தியது. இது மனிதத் தலைமுடியைவிட மெல்லியது. எனினும் உடைந்தால் சிதறாமல் இருப்பதற்காக இக்கண்ணாடியின் மீது ஒரு நெகிழிப் படலம் ஒட்டப்பட்டிருந்தது. பயனரின் விரல் தொடுவது இந்த நெகிழியையே. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் வழக்கமான திறன்பேசிக் கண்ணாடியில் கீறல் 6 ஆம் நிலையில்தான் விழத் தொடங்கும். இத்தகைய திரையிலோ 2 ஆம் நிலையிலேயே விழுந்துவிடும். விரல்நகத்தை அழுத்தினாலும் தடம் பதியும்.

மடிப்புத் தடம்

திரையின் நடுவே காணப்படும் பள்ளம் மடிப்புத் தடம் ஆகும். பசையும் நெகிழியும் பாகுத்தன்மையும் மீள்தன்மையும் ஒருங்கே கொண்டவை. நெடுநேரம் மடிந்த நிலையில் இருந்தால் அவை மெல்ல அந்நிலைக்குப் பழகி, விரித்தபின் முழுமையாகப் பழைய வடிவத்திற்குத் திரும்புவதில்லை. குளிரில் பசை இறுகுவதால் அடுக்குகள் நழுவுவது குறைந்து, திரிபு மிகுகிறது.

கீல்

கீலின் பணி கதவுக் கீலின் பணியைவிடச் சிக்கலானது. திரை மடியும்போது அதன் நீளம் மாறாதவாறும், குறிப்பிட்ட ஆரத்திற்கும் குறைவாக அது வளையாதவாறும் கீல் காக்க வேண்டும். இரு பாதிகளும் ஒரே அளவில் திரும்ப வேண்டும். இடைப்பட்ட கோணங்களில் நிற்கவும் வேண்டும். மோட்டோரோலா ரேசர் (2020), ஓப்போ ஃபைண்ட் என் (2021) ஆகியவற்றில், மடிந்த திரை நீர்த்துளி வடிவில் கீலின் உள்ளே தொங்குமாறு அமைக்கப்பட்டது. இதனால் வளைவு ஆரம் பெருகி மடிப்புத் தடம் குறைந்தது. இரு பாதிகளும் இடைவெளியின்றி மூடிக்கொண்டன.

தூசியும் நீரும்

கேலக்சி ஃபோல்டு 2019 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வருவதாக இருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் செய்தியாளர்களுக்கு அளிக்கப்பட்ட கருவிகளில் சில பழுதடைந்தன. சிலர் மேலுறைப் படலத்தை, நீக்கத்தக்க பாதுகாப்புத் தாள் எனக் கருதி உரித்துவிட்டனர். ஆனால் அது திரையின் ஓர் உறுப்பாகும். வேறொரு கருவியில் திரைக்கு அடியில் புகுந்த துகள் ஒன்று புடைப்பை உண்டாக்கியது. சாம்சங் விற்பனையைத் தள்ளிவைத்தது. படலத்தின் விளிம்பைச் சட்டகத்திற்கு அடியில் நீட்டியும், கீலின் இரு முனைகளிலும் மூடிகளைப் பொருத்தியும், திரைக்குக் கீழே கூடுதல் உலோக அடுக்குகளைச் சேர்த்தும் செப்டம்பரில் மீண்டும் வெளியிட்டது.

2020 இல் சாம்சங் கருவிகளின் கீலினுள் தூசியைத் தடுக்கும் நுண்ணிய இழைத் தூரிகைகள் சேர்க்கப்பட்டன. 2021 ஆகத்தில் வெளிவந்த சீ ஃபோல்டு 3, சீ ஃபிளிப் 3 ஆகியவை ஐபிஎக்சு8 தரம் பெற்றன. இவற்றின் கீலுக்குள் நீர் புகலாம். இருபுறமும் உள்ள மின்னணுப் பகுதிகளே அடைக்கப்பட்டுள்ளன. தரக்குறியீட்டின் முதல் இலக்கம் திண்மத் துகள்களையும் தூசியையும், இரண்டாவது இலக்கம் நீரையும் குறிக்கும். முதல் இலக்கத்தின் இடத்தில் 'எக்சு' இருந்தால் தூசித் தடுப்பு மதிப்பிடப்படவில்லை என்று பொருள். 2024 இல் வந்த சீ ஃபோல்டு 6 ஐபி48 தரம் உடையது; அதாவது 1 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள்களே தடுக்கப்படும். முழுமையான தூசித் தடுப்பைக் குறிக்கும் ஐபி68 தரத்தை, 2025 இல் அறிவிக்கப்பட்ட கூகுள் பிக்சல் 10 புரோ ஃபோல்டு பெற்றது.

மடிப்புச் சோதனைகள்

கேலக்சி ஃபோல்டு 2,00,000 மடிப்புகளைத் தாங்கும் என அறிவிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 100 முறை மடித்தால் இது ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகளாகும். 2025 இல் வெளிவந்த சீ ஃபோல்டு 7 இன் திரை 5,00,000 மடிப்புகளைத் தாங்கியதாகச் சாம்சங் தெரிவித்தது. இச்சோதனை 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் 13 நாட்களில் செய்யப்பட்டது.

இவ்வெண்களைக் கருவியின் ஆயுளாகக் கொள்ளலாகாது. சோதனையறையில் இயந்திரம் ஒரே விசையுடன், தூசியற்ற சூழலில், மாறா வெப்பநிலையில் மடிக்கிறது. மடிந்த நிலையில் இரவு முழுதும் கிடத்தல், குளிர், சட்டைப் பையின் தூசி, நகத்தின் அழுத்தம் ஆகியவை கணக்கில் வருவதில்லை. 2019 ஏப்ரலில் பழுதடைந்த கருவிகள் சில நாட்களே பயன்பாட்டில் இருந்தவை. அவற்றின் பழுதுக்கும் மடிப்பு எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பழுதுநீக்கம்

வழக்கமான திறன்பேசியின் மீது ஒட்டப்படும் காப்புக் கண்ணாடியை மடியும் திரைக்குப் பயன்படுத்த இயலாது. அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருப்பதால், உள்ளடுக்கு ஒன்று பழுதானால் திரை முழுவதையும் மாற்ற நேரிடும். பெரும்பாலும் சட்டகமும் உடன் மாற்றப்படுகிறது. மேலுள்ள காப்புப் படலத்தின் விளிம்பு உரியத் தொடங்கினால் அதைத் தாமே இழுத்து எடுக்காமல் பழுதுநீக்கு நிலையத்தில் மாற்றிக்கொள்வதே பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

திறன்பேசி
பலகைக் கணினி
தகைவும் திரிபும்
மோஸ் கடினத்தன்மை அளவுகோல்