பொருந்தாத பாகங்களில் பிறந்த சைக்கிள்

மவுண்டன் பைக் ஒன்றை நாங்களே பூட்டுவம் என்று வெளிக்கிட்டால் அடிக்கடி காதில் விழுகிற சொல் “பொருந்தாது” என்பதுதான். இந்தப் பிறேமுக்கு அந்தச் சில்லு போகாது. அந்த ஷிப்டருக்கு இந்த டிரேலியர் வேலை செய்யாது. இதை இரும்பின்ர இயல்பு போல நாங்கள் ஏற்றுக்கொண்டு விடுகிறோம். ஆனால் மவுண்டன் பைக்கின் வரலாறு நேர்மாறானது. ஒன்றோடொன்று சேருவதற்கென்றே செய்யப்படாத பாகங்களைச் சேர்த்துத்தான் அந்த வண்டி பிறந்தது. பொருந்தாமை பெரும்பாலும் பிறகு வந்தது. அதுக்கு ஆண்டுகளும் காரணங்களும் இருக்கு.

பழைய பிறேம், புது வேலை

1970களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் பகுதியில், இளைஞர்கள் சிலர் மலை மண்பாதைகளில் பழைய சைக்கிள்களை ஓட்டித் திரிந்தார்கள். அவர்கள் தேடி எடுத்தது 1930கள், 40களில் வந்த ஷ்வின் எக்செல்சியர் போன்ற பிறேம்கள். காரணம் எளியது. ஷ்வின் 1933இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய இரண்டு அங்குலத்துக்கு மேல் தடித்த ரயர் அதுக்குள் தாராளமாகச் சுழலும். உருக்கும் பலமானது.

ஆனால் அதில் ஒரே ஒரு கியர், பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிறேக். 1976 ஒக்டோபர் 21 அன்று ஃபெயார்ஃபக்ஸ் ஊருக்குப் பக்கத்து மண்பாதையில் முதல் ‘ரீபக்’ போட்டி நடந்தது. ஏறத்தாழ இரண்டு மைலுக்குள் 1,300 அடி இறக்கம். கீழே வந்து சேரும்போது ஹப்புக்குள் இருந்த கிறீஸ் எரிந்து புகையாகிவிடும். திரும்பக் கிறீஸ் அடைக்க வேண்டும். ரீபக் என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது.

இறங்குவது சரி, ஏறுவது எப்படி? 1974இல் கூப்பர்டினோவிலிருந்து வந்த சிலர் மரினில் நடந்த ஒரு சைக்குளோ-குரொஸ் போட்டிக்கு, தடித்த ரயர் சைக்கிள்களில் டிரேலியர் பூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். செயினை ஒரு பல்லுச்சில்லிலிருந்து மற்றதுக்குத் தள்ளுகிற கருவிதான் டிரேலியர். கரி ஃபிஷரும் தன் ஷ்வினுக்கு அதைப் பூட்டினார். இரட்டைச் சைக்கிளுக்கென்று வந்த டிரம் பிறேக், மோட்டார் சைக்கிளின் பிறேக் லீவர் என்று எல்லாம் வேறு வேறு வண்டிகளுக்குரிய சாமான்.

இது எப்படிச் சாத்தியமானது? பல கியர் கொண்ட சில்லு ஒற்றைக் கியர் சில்லைவிட அகலம். உருக்குப் பிறேம் என்றபடியால் பின்பக்கத்தைக் கொஞ்சம் விரித்தெடுக்கலாம். கியர் லீவரோ ‘பிரிக்ஷன்’ வகை. அதில் படிகள் இல்லை, கை எங்கே நிறுத்துகிறதோ அங்கே நிற்கும். ஆகவே ஒரு கொம்பனியின் லீவர் இன்னொரு கொம்பனியின் டிரேலியரை இழுக்கும். மிச்சத்தைப் பெருவிரலும் காதும் சரிசெய்யும்.

1977இல் ஜோ பிறீஸ் பழைய பிறேமை விட்டுவிட்டு, குரோமொலி உருக்கில் மலைக்கென்றே புதுப் பிறேம் செய்தார். 1979இல் ரொம் ரிச்சி செய்த பிறேம்களை ஃபிஷரும் சார்லி கெலியும் ‘மவுண்டன்பைக்ஸ்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கொம்பனியின் ஸ்ரம்ப்ஜம்பர் யப்பானில் செய்யப்பட்டுக் கடைக்கு வந்தது. அதிலும் பிரான்சின் மஃபக் பிறேக்கும் யப்பானின் சன்ரூர் டிரேலியரும் சண்டையில்லாமல் ஒன்றாக இருந்தன.

ஒரு ‘கிளிக்’கின் விலை

சரிந்த இணைகர டிரேலியருக்கான சன்ரூரின் காப்புரிமை 1964இலிருந்து இருந்தது. அது 1984இல் முடிந்தது. அந்த வடிவமைப்பை ஷிமானோ எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டியூரா-ஏஸ் என்ற ரேஸ் சைக்கிள் தொகுதியில் படிப்படியாகக் ‘கிளிக்’ பண்ணும் ஷிப்டரை அறிமுகப்படுத்தியது. 1987இல் அது மலைக்கான டியோரே எக்ஸ்டி தொகுதிக்கும் வந்தது.

கிளிக் பண்ணினால் கியர் மாறும், நல்ல விசயம்தான். ஆனால் இப்ப மூன்று அளவுகள் ஒத்துப்போக வேண்டும். ஒரு கிளிக் எவ்வளவு கேபிளை இழுக்கிறது, அதுக்கு டிரேலியர் எவ்வளவு நகர்கிறது, பல்லுச்சில்லுகளுக்கு இடையில் எவ்வளவு தூரம். இந்த மூன்றையும் ஒரே கொம்பனி தீர்மானித்தால் வாங்குபவரும் முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும். முழு செட் வாங்கும் உற்பத்தியாளர்களுக்கு ஷிமானோ கொடுத்த விலைக்கழிவு நியாயமற்றது என்று 1990இல் சிகாகோவின் சிறிய கொம்பனியான ஸ்ராம் வழக்குப் போட்டது. 1991இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குள் பழைய சன்ரூர் கியர் சந்தையிலிருந்து மறைந்துபோனது.

இப்ப பூட்டுகிறவருக்கு

இந்த வரலாறு தெரிந்தால் தெரிவு இலகு. முதலில் பிறேம். பின் சில்லு பூட்டுகிற இடத்தின் உள் அகலத்தை அளக்க வேண்டும். பழைய மவுண்டன் பைக்குகளில் பொதுவாக 135 மில்லிமீற்றர், பிறகு 142, 2010களின் நடுவிலிருந்து 148. அலுமினியம், காபன் பிறேம்களை விரிக்கவே கூடாது.

அடுத்தது ஹப். 10 பல்லில் தொடங்குகிற 12 கியர் கசெட் பழைய ஷிமானோ ஹப்பில் ஏறாது. அதுக்கு 2012இல் வந்த ஸ்ராமின் எக்ஸ்டி அல்லது 2018இல் வந்த ஷிமானோவின் மைக்ரோ ஸ்ப்லைன் ஹப் வேணும்.

ஷிப்டர், டிரேலியர், கசெட் மூன்றும் ஒரே குடும்பமாக இருப்பது பாதுகாப்பு. ஷிமானோவின் 8, 9 கியர் மவுண்டன் டிரேலியர்கள் ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யும். 10 கியரோடு கேபிள் இழுப்புக் கணக்கை மாற்றிவிட்டார்கள். ஸ்ராமின் கணக்கு வேறு. கைப்பிடி, சீற், பெடல் போன்றவற்றில் இவ்வளவு கட்டுப்பாடு இல்லை.

2019இல் ஸ்ராம் டிரேலியரைத் தொங்கவிடும் பாகத்துக்கு ஒரு பொது வடிவத்தைக் கொண்டுவந்தது. பல பிறேம் கொம்பனிகள் ஏற்றுக்கொண்டன. உடைந்தால் மாற்றுப்பாகம் தேடி அலையத் தேவையில்லை என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. 2023இல் அதே ஸ்ராம் வெளியிட்ட புதுக் கியர்த் தொகுதி அந்த வடிவமுள்ள பிறேமில் மட்டும்தான் பூட்டுப்படும்.

ஆகவே “பொருந்தாது” என்று கேட்டால் அதோடு பேச்சை முடிக்கத் தேவையில்லை. எந்த அளவு பொருந்தவில்லை என்று கேட்போம். அகலமா, ஹப்பா, கேபிள் இழுப்பா? கேபிள் இழுப்புத்தான் சிக்கல் என்றால் பிரிக்ஷன் லீவர் இண்டைக்கும் விற்பனையில் இருக்கு. பழைய ஷ்வின்களை மலையேற்றிய அதே வழி எங்களுக்கும் திறந்துதான் கிடக்கு.