ஓட்ஸை வைத்தது யார்?

சளிப்பூஞ்சை உண்மையில் பூஞ்சையே இல்லை. ஃபைசாரம் பாலிசெஃபாலம் என்பது ஏராளமான உட்கருக்கள் கொண்ட ஒற்றைச் செல். மூளை கிடையாது, நரம்பு கிடையாது. வகுப்பறைக்கு இதைவிடத் தோதான உயிரி இல்லை. ஈரமான அகார் தட்டில் அந்த மஞ்சள் கசிவில் கொஞ்சம் வைத்து, தள்ளித் தள்ளி ஓட்ஸ் போட்டு, இருட்டில் மூடிவைத்தால் போதும். முதலில் விசிறி மாதிரி நாலாபக்கமும் பரவும். பிறகு ஓட்ஸை இணைக்கும் குழாய்கள் மட்டும் தடிக்கும். மற்றவை மெலிந்து மறையும். ஓட்டம் இருந்தால் தடிக்கும், இல்லாவிட்டால் சுருங்கும். கணக்கு அவ்வளவுதான்.

2000இல் ஜப்பானின் தோஷியுகி நககாகி குழு, புதிர்ப்பாதை முழுக்க இதைப் பரவவிட்டு இரண்டு வாசலிலும் உணவு வைத்தது. முட்டுச்சந்துகளை விட்டு விலகி, மிகக் குறுகிய வழியில் மட்டும் அது மிஞ்சியது. 2010இல் அட்சுஷி தெரோ, நககாகி உள்ளிட்டோர் தோக்கியோ வட்டார ஊர்களின் இடங்களில் 36 ஓட்ஸ் துண்டுகளை வைத்தார்கள். ஏறக்குறைய ஒரே நாளில் உருவான வலை, அங்குள்ள ரயில் வலையை ஒத்திருந்தது. 2021இல் தோமா பெஸ்கே விண்வெளி நிலையத்தில் வளர்த்ததை, பிரான்சின் ஆயிரக்கணக்கான பள்ளிகளும் வளர்த்து ஒப்பிட்டன.

திட்டமிட ஆளில்லாமலே ஒரு நகரம் என்று உடனே சிலிர்த்துப்போகிறோம். சரி, ஓட்ஸை வைத்தது யார்?

ஜூரோங்கில் வைத்தது அரசு. 1961இல் நிதியமைச்சர் கோ கெங் சுவீ சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை எழுப்பக் கிளம்பினார். ஆரம்பத்தில் ஆலைகள் வரத் தயங்க, ‘கோவின் முட்டாள்தனம்’ என்று கேலி செய்தார்கள். ஆனால் ஆலைகள் வந்தன. பின்னாலேயே ஆட்கள், வீடுகள். 1977இல் அறிவியல் நிலையம், 1988இல் பெருவிரைவு ரயில். ஆலைச் சரக்குக்காகப் போட்ட கிளை ரயில்பாதையோ 1990களின் தொடக்கத்தில் நின்றுபோனது. ஓட்டமில்லாத குழாய்.

இதுவரை உவமை ஒழுங்காகத்தான் போகிறது. இடறுவது ஞாயிற்றுக்கிழமைகளில். ஜூரோங், துவாஸ் தங்குவிடுதிகளிலிருந்து நம்மூர் ஆட்கள் தேக்காவுக்குப் போவார்கள்: வீட்டுக்குப் பணம் அனுப்ப, ஊர்க்காரனைப் பார்க்க, வாய்க்கு ருசியாகச் சாப்பிட. எந்த வரைபடமும் போட்டுத் தராமல், போய்ப் போய்த் தடித்த பாதை அது. 2020 ஏப்ரலில் கோவிட் பரவியபோது விடுதிகள் அடைக்கப்பட்டன. ஊர் வழக்கத்துக்குத் திரும்பிய பிறகும் இவர்களுக்குக் கட்டுப்பாடு நீண்டது. 2022 ஜூனில் பெரிதும் தளர்த்தினார்கள். ஆனாலும் ஞாயிறு, பொது விடுமுறைகளில் நான்கு இடங்களுக்கு அனுமதிச்சீட்டு வேண்டும் என்றார்கள்: சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட், லிட்டில் இந்தியா.

சளிப்பூஞ்சை தனக்கு உதவாத பாதையைத்தான் கைவிடும். இங்கே உணவும் இருந்தது, ஓட்டமும் இருந்தது. குழாயை அடைத்தது வெளியிலிருந்து வந்த கை. நோய்க்குப் பயந்த கைதான் என்றாலும், யாருடைய பாதையை எத்தனை காலம் அடைப்பது என்பதை அதுதான் முடிவு செய்தது.

எனவே பள்ளிக்கூடத்தில் இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் குறிப்பேட்டில் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம். ஓட்ஸை எங்கே வைப்பது என்று முடிவு செய்தது யார்? தட்டின் மூடி யார் கையில்?