15 மீற்றர் பாறை, 29 ஆண்டுகள்

பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு மருத்துவக் கட்டுரை ஒன்றையே மலர்க்குழுவினர் நம்மிடம் கேட்டிருந்தனர். நீரிழிவு பற்றியும் இரத்த அழுத்தம் பற்றியும் வேறு சகோதரிகள் எழுதுவார்கள் என்ற நம்பிக்கையில் பாறையேற்றத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். பெண்ணின் உடல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று பிறர் தீர்மானித்துவந்த வரலாறு அது. ஆகவே மருத்துவத்திலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை.

சங்கம் தொடங்கிய அதே பத்தாண்டில், 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டம் முதன்முதலாக நடைபெற்றது. ஓடியவர்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதுபடுத்தி எழுத, அப்போட்டி கைவிடப்பட்டது. 1960இல் உரோமில்தான் அது மீண்டும் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு, 1929இல், அமெரிக்கரான மிரியம் ஓ'பிரையனும் பிரெஞ்சுப் பெண்ணான அலிஸ் தமேமும் அல்ப்ஸ் மலையின் கிரெப்போன் சிகரத்தில், வழிகாட்டியோ ஆண் துணையோ இன்றி ஏறினர். இனி மானமுள்ள ஆண் எவனும் அதில் ஏறமாட்டான், கிரெப்போன் இல்லாமற் போய்விட்டது என்று பிரெஞ்சு மலையேறி ஒருவர் வருந்தினாராம். சிகரம் என்னவோ இருந்த இடத்திலேயே இருந்தது.

இன்று விளையாட்டாகப் பயிலப்படும் பாறையேற்றத்தில் சிகரம் முக்கியமல்ல, பாதைதான் முக்கியம். பாறையில் துளையிட்டு இரும்பு போல்ட்டுகளை முன்பே பொருத்தியிருப்பார்கள். ஏறுபவர் போகப் போகத் தன் கயிற்றை அவற்றிலே கொளுவிக்கொள்வார். கயிறு விழும்போது தாங்குவதற்கு மட்டுமே, பிடித்து ஏறுவதற்கல்ல. இந்த ஒழுங்கைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜேர்மனியின் குர்ட் அல்பேர்ட். 1975 அளவில், இரும்பைத் தொடாமல் ஏறி முடித்த பாதைகளின் அடியில் அவர் சிவப்புப் புள்ளியொன்றைத் தீட்டிவிட்டுப் போனார்.

அவர் புள்ளியிட்டது பவேரியாவின் வடக்கிலுள்ள பிராங்கன்யூரா என்னும் காட்டுப் பிரதேசத்தில். அங்கே சுண்ணாம்புக் கல். யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் உட்புறத்தில் தெரியும் கல்லைப்போல நீரரித்த பொந்துகள் அதிலும் உண்டு. ஒரு பொந்தில் இரண்டு விரல் நுழையும், இன்னொன்றில் ஒன்றுதான். இத்தகைய பொந்துகளே பிடியாக அமைந்த, 45 பாகை வெளியே சரிந்த, 15 மீற்றர் உயரமான பாதையொன்றை வொல்ஃப்காங் குல்லிச் என்பவர் 1991 செப்டெம்பரில் ஏறி முடித்தார். தரையிலிருந்து பாய்ந்து இரண்டு விரல்களால் ஒரு பொந்தைப் பற்றுவதே அதன் தொடக்கம். அதற்கெனக் கால் வைக்க இடமில்லாத சரிவுப் பலகையில் மரச்சட்டங்களை அடித்து, விரல்களால் மட்டுமே தொங்கித் தொங்கி ஏறிப் பயின்றார். அந்தப் பலகை இன்று உலகெங்குமுள்ள பயிற்சிக் கூடங்களில் இருக்கிறது. பாதைக்கு 'அக்ஷன் டிரெக்ட்' என்று பெயரிட்டார். பின்னாளில் அது உலகின் முதலாவது 9ஏ தரப் பாதை என ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டே குல்லிச் கார் விபத்தின் பின் இறந்துபோனார், வயது 31. 1995 வரை வேறொருவர் அப்பாதையை ஏறவில்லை.

இங்கே வைத்தியராகச் சற்று நின்று பார்க்கவேண்டும். விரலை மடக்கும் வலிய தசைகள் விரலில் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் தசைநாண்களை எலும்போடு சேர்த்துப் பிடித்திருப்பவை கப்பிகள் எனப்படும் சிறிய நார் வளையங்கள். ஒரு விரலில் உடல் முழுவதும் தொங்கும்போது அந்த வளையம் அறுந்துபோகலாம். பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்படி 'டப்' என்று அறுவதுண்டு. ஆணின் விரலிலும் பெண்ணின் விரலிலும் ஒரே அமைப்புத்தான். பெண்களுக்கு எட்டம் சற்றுக் குறைவு. ஆனால் மெல்லிய விரல் பொந்துக்குள் ஆழமாய்ப் போகும்.

ஆயினும் வழக்கமான பேச்சு வேறாக இருந்தது. பிரான்சின் சிமாய் பாறையில் மாஸ் கிரித்தீக் என்ற 8பி+ பாதையை முதலில் ஏறிய ஜே. பி. ட்ரிபூ, அத்தரத்தைப் பெண்ணொருத்தி எட்டமாட்டாள் என்று சொன்னதாகக் கூறுவர். 1989 மே மாதம் பூக்ஸ் என்னுமிடத்தில் அமெரிக்க வீராங்கனை லின் ஹில் கயிற்று முடிச்சை முடிக்காமல் விட்டதனால் ஏறத்தாழ 25 மீற்றர் கீழே விழுந்தார். மரக்கிளைகள் தாங்கியதால் உயிர் தப்பியது; இடது முழங்கை விலகியது. விலகிய முழங்கை எப்படி இறுகிப்போகும் என்பது எலும்பியல் விடுதியில் வேலை செய்த எவருக்கும் தெரியும். எட்டு மாதங்களில், 1990 ஜனவரியில், ஹில் மாஸ் கிரித்தீக்கை ஏறினார். 2002இல் பாஸ்க் நாட்டு ஜோசுனே பெரெசியார்த்து, சுவிற்சர்லாந்தில் 9ஏ தரத்தை எட்டிய முதற் பெண்ணானார்.

அக்ஷன் டிரெக்ட் மட்டும் அப்படியே நின்றது. பிரான்சின் மெலிசா லு நெவே பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அங்கே போனார். 2020 மே மாதம் ஏறி முடித்தார். குல்லிச்சுக்கும் அவருக்கும் இடையில் ஏறத்தாழ 29 ஆண்டுகள். இந்த இடைவெளியைக் காட்டிப் பெண்ணுடல் பின்தங்கியது என்று வாதிடுவோர் உண்டு. நமக்கு அது சரியான கணக்காகப் படவில்லை. எத்தனை பெண்கள் அந்தப் பாறையின் கீழே போய் நிற்க அனுமதிக்கப்பட்டார்கள் என்று முதலில் எண்ணவேண்டும்.

நம் சிகிச்சை அறைக்கும் அந்தக் கணக்கு வருகிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய்மார் வருவார்கள். "டொக்டர், பிள்ளை பெரிசாகிட்டாள். இனி ஓட்டம், வலைப்பந்து ஒண்டும் வேண்டாம் எண்டு ஒரு சேட்டிபிக்கற் தாங்கோ." நோய் ஏதுமிராது. பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாம் எழுதிக் கொடுப்பதில்லை. எழுதிக் கொடுக்கும் வேறு வைத்தியர்கள் கிடைக்கிறார்கள். எவரெஸ்ட் உச்சியில் முதற் கால் வைத்த இலங்கையர், 2016 மே மாதத்தில், ஜயந்தி குரு உத்தும்பால என்ற பெண் என்று அந்தத் தாய்மாருக்குச் சொல்வோம். சிலர் வியப்பார்கள், சிலர் சிரித்துவிட்டு எழுந்து போவார்கள்.

இத்தாலியில் ஆர்க்கோவுக்கு அண்மையில் எக்ஸ்கலிபர் என்றொரு பாதை இருக்கிறது, தரம் 9பி+. 2023இல் ஸ்தெபனோ கிசோல்பி அதை முதலில் ஏறினார். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் புரூக் ரபுட்டு ஏறினார். அத்தரத்தை எட்டிய முதற் பெண் அவரே. இம்முறை இடைவெளி இரண்டே ஆண்டுகள். அவருக்குச் சிறுவயதில் ஏறக் கற்றுக்கொடுத்தவர் தாய் ரொபின். 1990களில் உலகக் கிண்ணத்தை நான்கு முறை வென்றவர்.