ஒரு கோப்பை இடைவெளி

1727இல் பிலடெல்பியாவில் 21 வயது அச்சுத் தொழிலாளி பெஞ்சமின் பிராங்க்ளின், நண்பர்களைச் சேர்த்து 'ஜுண்டோ' என்றொரு மன்றம் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். 24 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு கோப்பை ஒயின் ஊற்றிக் குடிக்கிற அளவு இடைவெளி. 'நீ சொல்றது தப்பு' என்று நேருக்கு நேர் மறுத்தால் அபராதம். 12 பேருக்கு மேல் சேர்க்கவில்லை. வேண்டுமானால் உறுப்பினர்கள் தனியாகக் கிளை மன்றம் தொடங்கலாம். இந்தப் பேச்சிலிருந்துதான் 1731இல் ஒரு சந்தா நூலகம் பிறந்தது. இன்றும் இருக்கிறது.

பிராங்க்ளின் சாது ஒன்றும் இல்லை. சிறுவயதில் வாதம் பண்ணியே ஆளை மடக்குகிறவர். தன் குணத்தை நம்பாமல்தான் விதியை நம்பினார். எதிராளி எழுதியதைப் படித்து முடிக்கும் முன்பே நம் விரல் பதில் தட்டுகிறது. நமக்கு இல்லாமல் போனது நல்ல மனசா, அந்த ஒரு கோப்பை நேரமா?