பூச்சுக்கு அடியில் ஓர் உழைப்பு: காகிதக்கூழ்க் கலையின் வரலாறு



பிள்ளைப்பாக்கம் சிப்காட் பகுதியைச் சுற்றி வாழும் நமக்கு அட்டைப்பெட்டியும் பொதிதாளும் அன்றாடக் காட்சி. எடைக்குப் போடப்படும் அத்தகைய தாளையே கூழாக்கி, அழகுப் பொருளாக உருமாற்றி, பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் முஸ்லிம் கைவினைஞர் குடும்பங்கள் கஷ்மீரில் உள்ளன. அவர்களின் வரலாற்றில் நாம் அறியத்தக்க பாடம் ஒன்று உண்டு.

‘காகிதம்’ என்ற சொல்லே ‘காகஸ்’ என்னும் பாரசீகச் சொல்லோடு உறவுடையது. சீனத்தில் தோன்றிய காகிதத் தொழில் 8-ஆம் நூற்றாண்டில் சமர்கந்தில் வேரூன்றியது. பின்னர் பாக்தாதை அடைந்து, திருக்குர்ஆன் பிரதிகளும் கல்வி நூல்களும் பெருகத் துணைசெய்தது. 14-ஆம் நூற்றாண்டில் ஈரானின் ஹமதானிலிருந்து கஷ்மீர் வந்த மீர் சையித் அலி ஹமதானி (ரஹ்) அவர்களோடு கைவினைஞர்களும் வந்தனர் என்பது கஷ்மீர மக்களின் வழக்காறு. 1420 முதல் 1470 வரை ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன், மத்திய ஆசியக் கைவினைஞர்களை ஆதரித்துக் காகிதத் தொழிலையும் நூற்கட்டுக் கலையையும் வளர்த்தார். எழுதுகோல் வைக்கும் பேழைகளில் இக்கலை சிறந்து விளங்கியதால் ‘கார்-இ-கலம்தானி’ என்ற பெயர் நிலைத்தது. கல்விக்குத் துணைநின்ற கலை இது.

இக்கலைக்கு இருவகைக் கைகள் வேண்டும். முதலாமவர் ‘சாக்த்சாஸ்’. அவர் கழிவுத்தாளை நீரில் ஊறவைத்து, கல்லுரலில் இடித்து, அரிசிப் பசை சேர்த்து, அச்சின்மீது அப்பிக் காயவைப்பார். காய்ந்ததை அறுத்து எடுத்து, பசையால் இணைத்து, தேய்த்து வழவழப்பாக்குவார். இரண்டாமவர் ‘நக்காஷ்’. அவர் மெல்லிய தூரிகையால் மலர்க்கொத்துகளையும் சினார் இலைகளையும் தீட்டி, மேலே மெருகெண்ணெய் பூசுவார். ஜீலம் நதிக்கரையில் நிற்கும் கான்காஹே முஅல்லாவின் உட்சுவர்களிலும் கூரையிலும் இவ்வண்ண வேலையை இன்றும் காணலாம்.

19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸுக்குச் சென்ற கஷ்மீர்ச் சால்வைகள் இத்தகைய பெட்டிகளில் அனுப்பப்பட்டன. நாளடைவில் பெட்டியே விரும்பி வாங்கப்படும் பொருளாயிற்று. 1870-71 போருக்குப் பின் சால்வை வணிகம் நலிந்தபோதும் இக்கலை அழியவில்லை. ஸ்ரீநகரின் ஸாதிபல் பகுதியில் வாழும் ஷியா குடும்பங்கள் பல இதனைத் தலைமுறைதோறும் காத்து வருகின்றன. மேலைநாட்டுக் கிறிஸ்துமஸ் மரங்களில் தொங்கும் வண்ண உருண்டைகள் பல இம்முஸ்லிம் இல்லங்களில் உருவானவையே.

இன்றைய இடர் வேறு. வாங்குவோர் பாராட்டுவது வண்ணத்தை. அடித்தளம் செய்த கையை எவரும் நினைப்பதில்லை. உழைப்பு மிகுதி, கூலி குறைவு என்பதால் சாக்த்சாஸ் தொழிலுக்கு இளைஞர் வருவது அருகிவிட்டது. கூழுக்கு மாற்றாக மரத்தையும் அட்டையையும் வைத்து வண்ணம் பூசி, காகிதக்கூழ் வேலை என்றே விற்பதும் நடக்கிறது.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு வணிகரைக் கண்டித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நிகழ்வு இங்கே நினைவுக்கு வருகிறது. மேற்பரப்பு எப்படியோ அப்படியே உள்ளும் இருக்க வேண்டும் என்பதே வணிக நேர்மை. தொழிற்சாலையில் எவர் கண்ணிலும் படாத உதிரிபாகத்தைச் செய்யும் நம் தொழிலாளிக்கும் இது பொருந்தும். அவருடைய உழைப்பு மறைந்திருக்கலாம், மதிப்பில் குறைந்ததன்று.

இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே உணர்த்தலாம். பழைய தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவையுங்கள். அரைத்துப் பிழிந்து, கெட்டியான அரிசிக் கஞ்சி சேர்த்துப் பிசையுங்கள். எண்ணெய் தடவிய கிண்ணத்தின்மீது மெல்லியதாக அப்புங்கள். பிறையாகவோ எண்கோண விண்மீனாகவோ வடிக்கவும் செய்யலாம். நிழலில் பல நாள் உலரட்டும். ஈரம் முழுதும் போகும்முன் வண்ணம் பூசினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அவசரப்படும் பிள்ளைக்குப் பொறுமையைக் கற்பிக்க இதைவிட எளிய வழி அரிது. வீண்விரயத்தைத் தவிர்க்கும் பழக்கமும் உடன் வரும்.

தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கையுழைப்பால் உண்டவர்கள். கண்ணுக்குத் தெரியும் உழைப்பிலும் தெரியாத உழைப்பிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.